பாட்டுக்கொரு பேட்ச் வேண்டுமா?

சிங்கப்பூரில் திரைப்பாட்டு வாசிக்கும் எங்கள் இசைக்குழுவில் நான் கிட்டார். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒழுங்குக்குப் பேர் போனவர். நிகழ்ச்சிக்கு முதல் நாளே பாட்டுப் பட்டியலை அச்சடித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சுருதி, வேகம், எந்த இடத்தில் எந்த ஓசை என்று பொடி எழுத்தில் குறித்து, பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொண்டுதான் வருவார். ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களை அடுக்கிய பலகையான என் பெடல்போர்டைப் பிரித்து, நடுவில் ஒரு ஸ்விட்ச்சர் வைத்து, எந்த மிதிக்கு எந்தெந்தப் பெடல் என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும்படி திரும்பக் கட்டப்போகிறேன் என்றதும் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இப்பதான் தம்பி வழிக்கு வந்திருக்க. பாட்டுக்கொரு பேட்ச் போட்டுரு. பாட்டு மாறுனா ஒரு மிதி, முடிஞ்சுது கதை" என்றார். அப்படிப் பதிந்துவைக்கும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் பேட்ச் என்று பேர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த யோசனையில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டவே இல்லை. பலகையில் திருகு முடுக்கும்போதும் கேபிளுக்கு ஈயம் வைக்கும்போதும் மண்டைக்குள் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. போர்டு தயாராகி, சில மேடைகள் ஏறி இறங்கிய பிறகும் எங்கள் இருவருக்கும் இதில் முழு உடன்பாடு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

பெடல் வைத்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், ராக் குழுவில் கிட்டார்க்காரனின் கால் பாதி நேரம் சும்மாதான் இருக்கும். பாட்டு முழுக்க ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன், லீட் என்ற தனி வாசிப்பு வந்தால் கூடவே சத்தத்தைக் கூட்டும் ஒரு பூஸ்ட். தமிழ்த் திரைப்பாட்டு அப்படி விடாது. பல்லவியில், ஒலியை அகலமாக்கும் கோரஸ் போட்டு, சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் மெல்லிய ஆர்பெஜியோ. முதல் இடையிசையில் வயலின்கள் ஓய்ந்ததும் இரண்டே பார் (தாளச் சுற்று) டிஸ்டார்ஷன் லீட். அது முடிவதற்குள் புல்லாங்குழல் நுழைந்துவிடும், கிட்டார் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சரணத்தில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி 'டுக் டுக்'. இரண்டாம் இடையிசையில் வா பெடலோடு ஃபங்க். ஒலிப்பதிவில் இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு கிட்டாரில் வாசித்ததை மேடையில் ஒருவன் சமாளிக்கிறான். ஆர்பெஜியோவிலிருந்து லீடுக்குத் தாவ வேண்டுமென்றால் கோரஸை அணைக்கணும், டிஸ்டார்ஷனின் மென்மையான வகையான ஓவர்டிரைவைப் போடணும், எதிரொலி தரும் டிலேயையும் போடணும். மூன்று மிதி, கிடைக்கிற நேரம் அரைத் தட்டு. ரிதம் பேட் வாசிக்கும் தம்பி ஒருமுறை ஒத்திகை நடுவிலேயே நிறுத்தி, "அண்ணே, நீங்க கிட்டார் வாசிக்கிறீங்களா, இல்ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல தீ மிதிக்கிறீங்களா?" என்று கேட்டான். போர்டை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

இந்தச் சங்கடம் பழையது. தீர்வும் பழையதுதான். லண்டனில் பீட் கார்னிஷ் 1970-களிலேயே பெரிய குழுக்களுக்குப் பெடல்களை ஒரே பலகையில் அடக்கிக் கட்டிக்கொடுத்தார். 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாப் பிராட்ஷா இன்னும் ஒரு படி மேலே போனார். பெடல்களையும் சட்டத்தில் பொருத்தும் ரேக் கருவிகளையும் மேடைக்குப் பின்னால் அடுக்கிவிட்டு, வாசிப்பவரின் காலடியில் பொத்தான்களை மட்டும் வைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் தனி லூப், அதாவது சிக்னல் அந்தக் கருவிக்குப் போய்த் திரும்பும் வழி. எந்தப் பொத்தானை மிதித்தால் எந்தெந்த லூப் சேரும், எது விலகும் என்பது முன்பே பதிவாகியிருக்கும். அன்றைக்கு ஆள் உயரத்துக்கு ரேக் வைத்துச் செய்த காரியம் இன்று ஒரு முழ நீளப் பெட்டிக்குள் வந்துவிட்டது. பாஸ் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ஈஎஸ்-8-இல் எட்டு லூப், 800 பேட்ச். லூப்களின் வரிசையைக்கூட பேட்ச்சுக்குப் பேட்ச் மாற்றிக்கொள்ளலாம். நான் வாங்கியது அதைத்தான், பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் பார்த்து, இரண்டாங்கையாக. பெனின்சுலா பிளாசா பக்கம் போய்ப் புதிதாக வாங்கும் விலையில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம் என்று வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்பே நானே சொல்லிக்கொண்டேன். விற்றவர் எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டுக்கு உள்ளே நின்றார், நான் வெளியே. தடுப்புக்கு மேலாகப் பெட்டி கைமாறியது, பேநவ்வில் பணம் போனது. போட்டுப் பார்த்து வாங்க அங்கே பிளக் பாயிண்ட் ஏது? எல்லாம் ஒரு நம்பிக்கைதான்.

பெட்டியின் ஞாபகம்

ஸ்விட்ச்சர் உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எனக்கும் அண்ணனுக்குமான வழக்கே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு லூப்புக்கும் இரண்டு ஜாக். ஒன்றின் வழியாக சிக்னல் பெடலுக்குப் போகிறது, மற்றதன் வழியாகத் திரும்பி வருகிறது. நடுவில் ஒரு சுவிட்ச். அது ஒரு பக்கம் இருந்தால் சிக்னல் பெடலைச் சுற்றிவிட்டு வரும், மறுபக்கம் இருந்தால் அப்படியொரு பெடல் இருப்பதே தெரியாமல் நேராகப் போய்விடும். பெடல்கள் எல்லாம் எந்நேரமும் எரிந்துகொண்டேதான் இருக்கும். பேட்ச் என்பது இந்த எட்டு சுவிட்ச்சும் எந்தெந்தப் பக்கம் நிற்கின்றன என்ற குறிப்பு, அவ்வளவே. ஓவர்டிரைவின் கெயின் குமிழ் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பையில் வைக்கும்போது டோன் குமிழ் எதிலாவது இடித்துத் திரும்பிவிட்டதா என்றும் தெரியாது. இன்னொன்று, இரண்டு பக்கம் உள்ள எட்டு சுவிட்ச்சுக்கு மொத்தமே 256 சேர்க்கைதான். வரிசை மாற்றத்தையும் மிடி (இசைக்கருவிகள் எண்களால் பேசிக்கொள்ளும் முறை) கட்டளைகளையும் தள்ளிவிட்டால், 800 பேட்ச் இருந்து என்ன, அதற்கு மேல் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. அந்த 256-இலும், கூடத்து முழக்கம் தரும் ரிவெர்பில் முங்கிய டிஸ்டார்ஷன் போன்ற அவலங்களைக் கழித்துவிட்டால், காது ஒப்புக்கொள்கிறவற்றை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இந்தக் கணக்கை நான் போர்டு கட்டும்போதே போட்டிருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். "நாற்பது பாட்டு இருக்கே தம்பி" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கட்டும் வேலையில் பலகை, வெல்க்ரோ பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியச் சட்டம், அடியில் பவர் சப்ளை, மேலே பெடல்கள், தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுமளவுக்கு எடை இருந்தால் போதும். மின்சாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கட்சி. சிறு பெடல்கள் அநேகமாக எல்லாமே 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அனலாக் ஓவர்டிரைவ் 10 மில்லியாம்பியர் போலக் கொடுத்தால் திருப்தியாகிவிடும். டிஜிட்டல் டிலேயும் ரிவெர்பும் 200, 300 என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் உள்ளே ஓடும் கடிகாரத்தின் சத்தம் எர்த் வழியாக மற்றவற்றுக்கும் ஏறிவிடும். சுத்தமான ஒலியில் தெரியாது. ஓவர்டிரைவைப் போட்டதும் 'கீ' என்று சன்னமாக ஒரு விசில் கேட்கும். அதற்குத்தான் பெடலுக்கொரு தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை. ஒலியில் தெரியாத பொருளுக்கு இவ்வளவு காசா என்று கேட்டால், ஆமாம், தெரியாமல் இருப்பதற்குத்தான் காசு.

எட்டு லூப் என்றால் 16 சிறு கேபிள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். கடையில் கிடைக்கும் ஒரே அளவுக் கேபிள்களைப் போட்டால் பலகைக்கடியில் சுருள் சுருளாக மிச்சம் நிற்கும். அதனால் சிம் லிம் டவருக்குப் போய் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, தட்டையான பிளக்குகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். இந்த வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கறுப்புத் தோலை நகத்தளவு சீவினால் செம்புப் பின்னல் வரும். அதை விலக்கி ஒரு பக்கமாக முறுக்கினால் உள்ளே மையக் கம்பிக்கு மேல் வெள்ளை உறை. ஆனால் பல கிட்டார் கேபிள்களில் பின்னலுக்கும் வெள்ளை உறைக்கும் நடுவே மெல்லிசாக இன்னொரு கறுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் வெறும் பிளாஸ்டிக். உண்மையில் அது மின்சாரம் கடத்தும். கேபிள் அசையும்போது வரும் கரகரப்பை அடக்குவதற்காகவே வைப்பது. அதைச் சீவாமல் அப்படியே ஈயம் வைத்தால், அது மையக் கம்பியைத் தொட்டுக்கொண்டு சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்கு வடித்துவிடும். ஒலி நிற்காது, மந்தமாகிவிடும். எங்கே கோளாறு என்று தேடித் தேடித் தலை சுற்றும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சன்னலைத் திறந்துவைத்து, விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றாகச் சீவி ஈயம் வைத்து மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்து அடுக்கினேன். "அடுப்பே பத்த வைக்கல, என்னடா கருகுது?" என்று அம்மா அறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

முரட்டுக் கரகரப்புத் தரும் ஃபஸ் பெடலுக்கு மட்டும் லூப் கொடுக்கவில்லை. 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் வகையறா அது. அந்தச் சுற்றுக்குக் கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் கிட்டாரின் பிக்கப் நேரடியாகக் கண்ணில் படவேண்டும். நடுவே, சிக்னல் வலுவிழக்காமல் தாங்கும் பஃபர் என்ற சுற்று வந்துவிட்டால் ஒலி கூர்மையாகி எரிச்சலூட்டும், கிட்டாரில் வால்யூமைக் குறைத்தாலும் இளகாது. பஃபர் இல்லாமல் மற்ற பெடல்களுக்கோ ஆகாது. கிட்டார் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்திறன் சுமக்கிறது. ஆறு மீட்டர் போக, ஆறு மீட்டர் வர என்றால் பிக்கப்பின் மேல்சுருதிகள் வழியிலேயே மங்கிவிடும். ஆகவே ஃபஸ் முதலில், அதன் பின்னால் ஸ்விட்ச்சரின் பஃபர், அதன் பிறகு மற்றதெல்லாம். இதில் நம் ஊர் வெயிலும் ஒரு கை பார்க்கிறது. பழைய பாணி ஃபஸ்ஸில் இருப்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு ஏற ஏற அதில் மின்கசிவு கூடும், பயாஸ் என்ற அதன் இயங்குநிலை நகர்ந்துவிடும். ஏசி போட்ட ஒத்திகை அறையில் வெண்ணெயாய் இருந்த ஒலி, மாலை ஐந்து மணிக்குத் திறந்தவெளி மேடையில் சவுண்ட் செக் செய்யும்போது கொழகொழவென்று கிடக்கும். எந்த ஸ்விட்ச்சரிலும் இதற்குப் பேட்ச் கிடையாது. சிலிக்கான் ஃபஸ் வாங்கி வைத்துக்கொண்டேன், ஜெர்மானியம் வீட்டோடு.

மிடி சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். டிலே பெடலுக்கு மட்டும் தனக்கென்று சொந்தமாக ஞாபகம் உண்டு, எதிரொலியின் நேரம், எத்தனை முறை திரும்ப வரவேண்டும் எல்லாம் அதற்குள் எண் போட்டுப் பதியலாம். ஸ்விட்ச்சர் மிடி வழியாக அந்த எண்ணைச் சொல்லும். 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றும் அதே ஐந்து முனை பிளக், ஒரு சேனலுக்கு 128 நிரல் எண்கள். இதில் ஒரு குசும்பு. சில கருவிகள் அந்த 128-ஐ 0-இலிருந்து எண்ணும், சில 1-இலிருந்து. என் ஸ்விட்ச்சர் 5 என்று சொன்னால் டிலே 4-ஐ எடுத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கும். இரண்டுமே சரி, இரண்டும் சொல்வது ஒரே எண்ணைத்தான், ஆனால் திரையில் காட்டுவது வேறு. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு இது அங்கே எது என்று எழுதி ஒட்டிவைத்த பிறகுதான் நிம்மதி.

பொங்கல் விழா

போர்டு முடிந்ததும் அண்ணன் சொன்னபடியே பதிந்தேன். செய்துபார்க்காமல் மறுப்பது முறையில்லை அல்லவா. பாட்டுக்கொரு பேட்ச் என்றார், நடைமுறையில் பாட்டுக்கு மூன்று பேட்ச் ஆனது, ஏனென்றால் பல்லவிக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. பேங்க் என்பது பேட்ச்சுகளின் தொகுதி, ஒரு பேங்க்கில் எட்டு பேட்ச். இரண்டு பாட்டுக்கு ஆறு போக இரண்டு மிச்சம். பட்டியல் வரிசைப்படி பேங்க் பேங்க்காக அடுக்கினேன். முதலில் ஒரு கல்யாண வரவேற்பு. பட்டியல் அச்சு மாறாமல் போனது, என் காலும் அச்சு மாறாமல் போனது. அண்ணன் மேடையிலேயே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்தது ஒரு சமூக மன்றத்தின் பொங்கல் விழா. பொங்கல் பானை, கோலப் போட்டி, பிள்ளைகளின் நடனம், நடுநடுவே நாங்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் வாசித்தவர்களுக்குத் தெரியும், நிகழ்ச்சி நிரல் என்பது மாலை ஆறு மணி வரைக்கும்தான் செல்லும். சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று செய்தி வந்தது. நடனம் முன்னால் வந்தது, பரிசளிப்பு நடுவில் புகுந்தது, எங்கள் ஏழு பாட்டு நான்கானது. அறிவிப்பாளர் எங்களைப் பார்க்காமலேயே அடுத்த பாட்டின் முதல் வரியைச் சொல்லிவிட்டார், அது பட்டியலில் கடைசிக்கு முந்தியது. எங்கள் குழுவில் பாடும் அக்கா மைக்கை எடுத்துவிட்டார். கீபோர்டில் முன்னிசை தொடங்கிவிட்டது. நான்கு பாரில் கிட்டார் நுழைய வேண்டும். என் பேட்ச் மூன்று பேங்க் தள்ளி இருந்தது. குனிந்து பார்க்கிறேன், சின்னத் திரையில் பேங்க் எண், மேடை விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுக் கூசுகிறது. ஒரு மிதி மிதித்தேன், பேங்க் மாறியது. இரண்டாவது மிதிக்குக் காலைத் தூக்கும்போது மூன்றாவது பார் முடிந்துவிட்டது. சரி, போகட்டும் என்று பொத்தானை விட்டுவிட்டு, கையில் இருந்த பேங்க்கில் ஏதோ ஒரு பாட்டின் பல்லவிப் பேட்ச்சை மிதித்துவிட்டு வாசித்தேன். இடையிசைக்கு அதே பாட்டின் இடையிசைப் பேட்ச். கடைசிவரை வேறொரு பாட்டின் பேட்ச்சுகளிலேயே இந்தப் பாட்டை முடித்தேன்.

கீழே இறங்கி, சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அண்ணன் வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தயாராக நின்றேன். தோளில் தட்டி, "கடைசிப் பாட்டுல கிட்டார் சத்தம் அப்படியே ரெக்கார்டுல கேக்குற மாதிரி இருந்துச்சு தம்பி. பாத்தியா, பாட்டுக்கொரு பேட்ச் போட்டதோட அருமை" என்றார்.

நான் அப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை, வாயில் பொங்கல் இருந்தது. வீட்டுக்கு வந்து போர்டை விரித்து, எல்லாப் பேட்ச்சையும் ஒரு தாளில் எழுதினேன். பேட்ச்சின் பேரை எழுதாமல், எந்தெந்த லூப் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும். ஒன்று, நான்கு, ஏழு. ஒன்று, நான்கு, ஏழு. ஒன்று, நான்கு, ஏழு. பக்கம் பக்கமாக அதே. பல்லவிக்காரப் பேட்ச்சுகளில் முக்கால்வாசி, சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெசர், கோரஸ், ரிவெர்ப். லீட் பேட்ச்சுகளில் ஓவர்டிரைவும் டிலேயும், எங்கோ ஒன்றிரண்டில் டிஸ்டார்ஷன். வெவ்வேறு படம், வெவ்வேறு இசையமைப்பாளர், வெவ்வேறு பத்தாண்டு, ஆனால் என் போர்டில் ஒரே மூன்று சுவிட்ச். நான் பதிந்துவைத்திருந்தது ஒலிகளை என்று நினைத்திருந்தேன். பெட்டியில் கிடந்தது பாட்டுகளின் பெயர்ப் பட்டியல்தான். ஒன்றே ஒன்றில்தான் பேட்ச்சுக்குப் பேட்ச் நிஜமான வித்தியாசம் இருந்தது, டிலேயின் நேரம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 500 மில்லிசெகண்டு, அதில் முக்கால் தட்டு எதிரொலி வேண்டுமென்றால் 375. பாட்டு 96-இல் ஓடினால் அதே எதிரொலிக்கு 469 வேண்டும். பாட்டுக்குப் பாட்டு மாறுவது வேகம் மட்டுமே.

மறுவாரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பேங்க்கில் அடக்கினேன். காலுக்கு முன்னால் எட்டுப் பொத்தான், அதைத் தாண்டிப் போகவே வேண்டியதில்லை. பாட்டின் பேர் எதற்கும் கிடையாது, செய்யும் வேலையின் பேர்தான். பாடகர் பாடும்போது பின்னால் இருப்பதற்கு ஒன்று, கோரஸோடு மினுங்குவதற்கு ஒன்று, கரகர ரிதம், லீட், வா ஃபங்க், இப்படி. லீட் பேட்ச் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. லீடை முடித்துப் பல்லவிப் பேட்ச்சுக்குத் திரும்பும்போது டிலேயின் லூப் விலகுவதால் எதிரொலி கத்தரித்தது போல நின்றுவிடும். லூப்பை விலக்கினாலும் ஏற்கெனவே கிளம்பிய எதிரொலி தானாக ஓயும்வரை கேட்கும்படி கேரி ஓவர் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டதும் கடைசிச் சுரம் புல்லாங்குழலுக்குள் கரைந்து போனது. இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம் என்பேன். எட்டாவது பொத்தானில் பேட்ச் எதுவும் வைக்கவில்லை, எந்த ஒலியில் இருந்தாலும் அதற்கு மேல் பூஸ்ட்டைப் போடவும் எடுக்கவும் அது. எப்போது வேண்டும் என்பது அன்றைய கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரியும், முதல் நாள் இரவு எப்படித் தெரியும்?

வீட்டுச் சத்தமும் மண்டபச் சத்தமும்

பதியும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும், வீவக அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இது பொதுவான தலைவலி. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, போர்டை விரிக்கும்போது இரவு பத்து ஆகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறது. ஹெட்ஃபோன்தான் கதி. ஹெட்ஃபோனில் சன்னமாக வைத்து அமைத்த ஒலி மண்டபத்தில் வேறாக வருவது கருவியின் குறையல்ல, நம் காதின் சுபாவம். 1933-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடிச்சுருதிகளும் உச்சத்து ஓசைகளும் காதுக்குக் குறைவாகப் படும். அதனால் இரவில் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி வைப்போம், நடு ஓசையைக் குறைப்போம், கேட்க அழகாகவும் இருக்கும். அதையே மண்டபத்தில் உரக்க வைத்தால் கீழே திம் திம்மென்று கீபோர்டின் இடது கையோடு மோதும், மேலே ஊசி குத்தும், நடுவில் கிட்டார் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடத்தில் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும், லீட் வாசிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் வீட்டில் லூப்களை மட்டும் சேர்க்கிறேன், குமிழ்களைத் தொடுவதில்லை. குமிழ்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஒத்திகை அறையில், ரிதம் பேடும் கீபோர்டும் ஓடும்போது மட்டும்தான் திருப்புகிறேன். பேட்ச்சுக்குப் பேட்ச் சத்த அளவையும் அங்கேதான் சரிசெய்ய முடியும். தனியாகக் கேட்டால் லீட் பேட்ச் பல்லவியைவிட எவ்வளவோ பெரிதாகத் தெரியும், குழுவோடு கேட்டால் மூன்று நான்கு டெசிபல் போதாமல் இருக்கும். வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பி பேடைத் தட்டிச் சலித்துப்போய், "முடிஞ்சுதாண்ணே?" என்பான். முடிந்ததும் குமிழ்கள் நிற்கும் இடத்தில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பெட்டியின் ஞாபகம் எட்டாத இடத்துக்கு அந்தக் கோடுதான் ஞாபகம்.

அண்ணனிடம் பொங்கல் விழா விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தேக்காவில் தே குடித்துக்கொண்டிருக்கும்போது, லூப் எண்கள் எழுதிய தாளை எடுத்து நீட்டினேன். நிதானமாகப் படித்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "உனக்குச் சரி தம்பி. எனக்கு நாதஸ்வரம் ஒரு பாட்டுல, சித்தார் ஒரு பாட்டுல, அடுத்ததுல பியானோ. நான் வேலைக்கொரு பேட்ச்னு போட்டா நாதஸ்வரத்துல பியானோ வாசிப்பேன்" என்றார். அதில் அவர் சொல்வதே நியாயம். கீபோர்டு பாட்டுக்குப் பாட்டு ஆளையே மாற்றுகிறது, அதற்குப் பாட்டின் பேரில் ஞாபகம் வேண்டும். கிட்டார் அதே ஆள், வேறு சட்டைகூட இல்லை, குரலைத்தான் உயர்த்துகிறான் தாழ்த்துகிறான். இத்தனை நாள் எங்களுக்குள் ஒட்டாமல் இருந்தது இதுதான் என்று எனக்கு அப்போது பட்டது. அவர் தன் கருவியின் வழக்கத்தை என் கருவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் அவ்வளவு நாள் அதை எண்களை வைத்து மட்டும் மறுத்துக்கொண்டிருந்தேன்.

அவரே ஒரு வழியும் சொன்னார். பாட்டின் வேகம் அவருடைய கீபோர்டில் பாட்டுக்குப் பாட்டு ஏற்கெனவே பதிந்திருக்கிறது. மிடியில் தட்டுக்கு 24 துடிப்பு வீதம் கடிகாரம் அனுப்பலாம். அதை என் போர்டுக்குக் கொடுத்தால் டிலே தானாக வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒலியை நான் காலால் தேர்ந்துகொள்ளலாம், பாட்டுக்குப் பாட்டு மாறும் ஒரே விஷயம் அவரிடமிருந்து வந்துவிடும். மிடி கேபிள் 15 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பார்கள், எங்கள் மேடைகளில் அவ்வளவு அகலம் எங்கே? கேபிள் வாங்கி, மேடை விளிம்போடு டேப் ஒட்டி, ஒத்திகையில் போட்டுப் பார்த்தோம். எதிரொலி அச்சாக உட்கார்ந்தது.

ரிதம் பேட் தம்பிதான் இன்னும் மசியவில்லை. இரண்டாம் சரணத்துக்குப் பிறகு அவன் இழையளவு வேகம் கூட்டுவான், அது இல்லாவிட்டால் குத்துப்பாட்டு எழும்பாது என்பது அவன் வாதம், எனக்கும் அது பிடிக்கும். கீபோர்டு அனுப்பும் கடிகாரம் அவனுக்காக நகராது, அவன் காதில் தாளம் காட்டும் கிளிக் மாட்டிக்கொள்ளவும் மாட்டான். ஆகவே மெல்லிசைப் பாட்டுகளுக்கு அண்ணனின் கேபிள், அவன் வேகம் கூட்டும் பாட்டுகளுக்கு தட்டித் தட்டி வேகம் சொல்லும் டிலேயின் டாப் (tap) பொத்தானில் என் கால் என்று தற்காலிகமாகப் பிரித்திருக்கிறோம். எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று தீபாவளி நிகழ்ச்சிக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு பாட்டு விஷயத்தில் இப்போதே சண்டை.